கோட்டை அகட்டாதீங்க, மெஷினைப் பாருங்க!

1/ சுகர் டெஸ்ட் ரிப்போர்ட்ல இருக்கற நம்பரை அப்படியே நம்புற எல்லாருக்கும் இந்த த்ரெட். கம்ப்யூட்டர் சமாச்சாரம்னு தள்ளிட்டுப் போயிராதீங்க.

2/ லேப்ல நோயாளி ரத்தத்தைப் போடுறதுக்கு முன்னாடி, அளவு தெரிஞ்ச கண்ட்ரோல் சீரத்தை ஓட்டிப் பாக்கணும். வர்ற நம்பரை சார்ட்ல புள்ளியா வைக்கணும். நடுவுல சராசரி, மேலயும் கீழயும் எல்லைக்கோடு. 1924-ல டெலிபோன் தயாரிப்புக்காக வால்டர் ஷூவர்ட் உருவாக்கின முறை. 1950-ல லீவி, ஜென்னிங்ஸ் ரெண்டு பேரும் லேபுக்குக் கொண்டுவந்தாங்க.

3/ இன்னைக்கு ஆர் மொழியில க்யூசிசி பேக்கேஜை வச்சு இதை இலவசமா, நாலு வரியில போட்டுரலாம். அருமையான விஷயம். ஆனா சிவப்புப் புள்ளி வந்ததும் "புரோகிராம்ல ஏதோ எரர்"னு சொல்லி, அது மறையற வரைக்கும் புரோகிராமை நோண்டுறாங்க பாருங்க, அதுதான் கொடுமை.

4/ கணக்கைப் பாருங்க. முதல் 20 நாள் சராசரி 100, விலகல் 2. எல்லை 94 முதல் 106. புது ரீஏஜென்ட் போட்டதும் அடுத்த 20 நாள் சராசரி 110. முழுக்க சிவப்பாகணும். ஆனா 40 நாளையும் ஒண்ணாக் கலந்து எஸ்டி எடுத்தா எல்லை 89 முதல் 121! ஒரு சிவப்பும் இல்ல. கோளாறே தனக்கு வேலி போட்டுக்கிச்சு.

5/ 2023 டிசம்பர்ல தாமிரபரணி ஏரலுக்குள்ள வந்துச்சே, அந்தத் தண்ணியையும் சேத்து சராசரி போட்டு அபாயக்கோடு வரைஞ்சா ஒத்துக்கிடுவீங்களா? அதையேதான் லேப்ல செய்றாங்க.

6/ சரி செய்ய வழி: ஒழுங்கா ஓடுன 20 நாளை வச்சு எல்லையைப் போட்டு நிறுத்துங்க. புது நாட்களை 'நியூடேட்டா'வில தனியாக் குடுங்க. தேதி வரிசையையும் பாருங்க. தேதியை எழுத்தா எடுத்துக்கிட்டா 1-க்கு அடுத்து 10, 11 வந்து அப்புறம்தான் 2 வரும். ஏறுமுகம் கண்ணுக்கே தெரியாது.

7/ "சும்மா சும்மா சிவப்பு வருதே"ம்பாங்க. 2 எஸ்டி-யை எல்லையா வச்சா, நல்ல மெஷின்லயே 20-க்கு 1 வெளிய போகும். 3 எஸ்டி-ன்னா 1000-க்கு 3. அதுக்கு மேல வந்தா பழி புரோகிராம் மேல இல்ல.

8/ ஆய்வுக்கு வர்றவங்களுக்கும் ஒரு வார்த்தை: சிவப்பே இல்லாத சார்ட்டைப் பாத்து டிக் போடாதீங்க. சிவப்பு வந்த அன்னைக்கு என்ன செஞ்சாங்கன்னு கேளுங்க.

9/ வெறும் வயித்துல 126 வந்தா சர்க்கரை நோய்ம்போம். உண்மையில 118 இருக்கறவருக்கு அந்த மெஷின் 128 காட்டும். நோயில்லாத ஒருத்தர் நோயாளி ஆயிருவாரு. அவருக்குத் தெரியவே தெரியாது, கோட்டை யாரோ அகட்டி வச்சது.