எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது?

ஆலந்தலையிலிருந்து ஒரு தோழர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் மகன் டாக்டர் மேற்படிப்புப் படிக்கிறார். கல்லூரியை விட்டு வெளியே 3 மாதம் ஜில்லா ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் முறை வந்திருக்கிறது. "பெரிய நகரத்துக்குப் பக்கமாகக் கேட்டு வாங்கு, பெரிய மனிதர் பழக்கம் கிடைக்கும், பரீட்சைக்குப் படிக்கவும் ஒழியும்" என்று பலர் புத்தி சொல்லுகிறார்களாம். நம் அபிப்பிராயம் என்ன என்று கேட்கிறார்.

ஒளிக்காமல் சொல்லுகிறோம். பேர் எங்கே கிடைக்கும் என்று ஆஸ்பத்திரி பொறுக்குகிறவன் பட்டம் வாங்குவானே தவிர வைத்தியனாக மாட்டான்.

இந்த 3 மாத விதி 2020-ல் செய்யப்பட்டது. எதற்காக? கல்லூரி ஆஸ்பத்திரிக்கு வரும் நோயாளிகளில் பலர் நாலு இடம் அலைந்து, நோய் முற்றிய பின் வருகிறவர்கள். நோய் முதலில் தலைகாட்டும் இடத்திலேயே அதைக் கண்டுபிடிக்கப் பழகவேண்டும் என்பதற்காகத்தானே? அமெரிக்காவில் கடைசி வருஷ மாணவர்கள் வேறு ஆஸ்பத்திரிகளில் சுமார் 4 வாரம் வேலை பார்க்கிறார்கள். மேற்படிப்பு இடத்துக்குச் சிபாரிசுக் கடிதம் வாங்குவதே அதில் பலருக்கு நோக்கம். நம் பிள்ளைகளுக்கும் அந்த வியாபாரம்தானா வேண்டும்?

தோழர் ஊர்க் கடலையே எடுத்துக்கொள்வோம். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றது. சங்குக்குளிப்பு நிற்கவில்லை. முன்பு மூச்சடக்கி இறங்கியவர்கள் இப்பொழுது காற்றுக் குழாயைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் ஆழத்தில் இருக்கிறார்கள். அவசரமாய் மேலே வந்தால், உடம்பில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகிறது. மூட்டு வலிக்கும், முதுகுத்தண்டைத் தாக்கினால் கால் விழுந்துவிடும். உடனே பிராணவாயு கொடுத்து, அழுத்த அறை உள்ள இடத்துக்கு அனுப்பினால் பலர் குணமடைகிறார்கள்.

இதைக் கண்டுபிடிக்க முதலில் வேண்டிய கருவி என்ன? "என்ன தொழில் செய்கிறீர்? எத்தனை பாகம் இறங்கினீர்?" என்று கேட்கும் வாய்தான்! அதைக் கேட்கத் தெரியாத டாக்டர் வெறும் வாதம் என்று எழுதி அனுப்புவார். வீட்டார் மந்திரிக்கத் தூக்கிப் போவார்கள். இந்தக் கேள்வியை நகரத்து மாளிகை ஆஸ்பத்திரியா கற்றுக் கொடுக்கும்?

"ஜில்லா ஆஸ்பத்திரியில் கருவி இல்லை, சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை" என்பார்கள். சில இடங்களில் வாஸ்தவமே. அப்படியானால் ஆசிரியரைப் போடு, தங்க அறை கொடு, பெண் மாணவருக்குப் பந்தோபஸ்து செய் என்று சர்க்காரையல்லவா கேட்கவேண்டும்? ஆள் குறைவை மறைக்க மாணவனை இராப்பகலாய் வேலை வாங்குவதையும் நாம் கண்டிக்கிறோம். ஆனால் குறையைக் காட்டி, கையெழுத்துப் போட்டுவிட்டு மறைந்துபோவது யோக்கியமாகாது.

ஆகவே, மகனிடம் மூன்றே கேள்வி கேட்கச் சொல்லுகிறோம். அங்கே கூட நின்று திருத்தும் மூத்த டாக்டர் உண்டா? என் கையால் வேலை செய்ய இடம் உண்டா? நான் போகாவிட்டால் நஷ்டப்படும் நோயாளி உண்டா? மூன்றுக்கும் "உண்டு" என்றால், அது எவ்வளவு சிறிய ஊரானாலும் போகட்டும்.

கடற்கரைப் பிள்ளை டாக்டராவது அருமை. அப்படி ஆனவரும் கடற்கரைக்கு முதுகைக் காட்டினால், அந்தப் படிப்பால் ஆலந்தலைக்கு வந்த பிரயோஜனம் என்ன?