நெறஞ்ச அரிசி

தங்கை மகன் பத்தாம் வகுப்பு. லீவுக்கு வந்தவன் திண்ணையில் உட்கார்ந்து இலக்கணத்தை உருப்போட்டுக்கொண்டிருந்தான். "தகுதி வழக்கு மூன்று வகைப்படும். இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி..." அடுக்களையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்.

"ஏல, அரிசி நெறஞ்சிருக்கு. ஓடிப்போயி ரெண்டு கிலோ வாங்கிட்டு வா."

"நெறஞ்சிருக்குன்னா எதுக்கு ஆச்சி வாங்கணும்?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வாயில் ஓடுவதும் மங்கலம், காதில் விழுந்ததும் மங்கலம். இரண்டுக்கும் நடுவே பாலம் போட யாருமில்லை.

அரிசி 'தீர்ந்தது' என்று அம்மா சொல்லவே மாட்டாள். விளக்கை 'அணை' என்பதும் கிடையாது, 'குளிர வை'தான். அமங்கலமான சொல்லைத் தவிர்த்து நல்ல சொல்லால் சொல்வது, அது மங்கலம். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் வகைப்படுத்தியது இந்தப் பேச்சைத்தான். 'கால் கழுவி வந்தான்' என்றால் கழுவியது கால் அல்ல என்று எல்லோருக்கும் தெரியும், அது இடக்கரடக்கல். பொற்கொல்லர் தமக்குள் பொன்னைப் 'பறி' என்றால், எதிரே நிற்கும் நமக்குப் புரியக்கூடாது, அது குழூஉக்குறி.  

இந்தப் பெயர்கள் ரெண்டு மார்க்கோடு முடிகிற சமாச்சாரமில்லை. மங்கலம் எதுவென்று தெரிந்தவனுக்குத்தான் போலி மங்கலமும் பிடிபடும். அம்மாவின் 'நெறஞ்சிருக்கு' எதையும் மறைக்கவில்லை. வீட்டில் எல்லோருக்கும் பானை காலி என்று தெரியும். பேருந்துக் கட்டணத்தை ஏற்றிவிட்டு 'மாற்றியமைப்பு' என்பதும், ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு 'மறுசீரமைப்பு' என்பதும் அப்படியா? பார்வைக்கு மங்கலம், வேலை குழூஉக்குறியின் வேலை. சொல்கிறவருக்குப் புரியும், கேட்கிறவருக்குப் புரியக்கூடாது.

இதையெல்லாம் மருமகனுக்கு விளக்கினேன். தலையாட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனான். கால் மணி நேரத்தில் திரும்பி வந்து மீதிச் சில்லறையை நீட்டினான். அம்மா எண்ணிப் பார்த்தாள்.

"என்னல, கொறயுது?"

"ரேட்டைக் கொஞ்சம் ரிவைஸ் பண்ணியிருக்காங்களாம் ஆச்சி."

அம்மா அரிசியைப் பானையில் கொட்டினாள்.

"ஏத்திட்டான்னு சொல்லுல."