துடுப்புக்கு எதற்கு வார்னிஷ்?

மரத்துடுப்புக்கு வார்னிஷ் அடிப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. கிழவனின் முன்கோபம் என்று ஒதுக்கிவிடாமல் காரணத்தைக் கேளுங்கள்.

வார்னிஷ் என்பது மரத்தின் மேல் படியும் ஒரு தோல். அந்தத் தோல் முழுசாக இருக்கும்வரை எண்ணெயைவிட நன்றாகவே தண்ணீரைத் தடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் துடுப்பு என்ன, கண்ணாடி அலமாரியிலா இருக்கிறது? அதன் நுனி மணலில் குத்துகிறது. தண்டு வள்ளத்தின் விளிம்பில் உரசுகிறது. ஒரு கீறல் போதும், உப்புத்தண்ணீர் உள்ளே புகுந்துவிடும். புகுந்த ஈரம் எளிதில் வெளியேறாது. மேலே பளபளப்பு இருக்க, அடியில் மரம் கறுக்கும். பிறகு முழுவதையும் சுரண்டித்தான் திரும்ப அடிக்க வேண்டும். யார் செய்கிறார்கள்? துடுப்பு விறகாகிறது.

கையையும் கேளுங்கள். வார்னிஷ் பிடி ஈரத்தில் வழுக்கும், உள்ளங்கையில் கொப்புளம் போடும்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். வார்னிஷை அங்கே 'வெர்னி' என்போம். ஆழமில்லாத மேற்பூச்சுப் படிப்புக்கும் பிரெஞ்சில் அதே சொல்தான். சரியான சொல்!

இந்தக் கரை மரத்தை அறியாத கரையா? 1961-ல் நடந்த கடைசி முத்துக்குளிப்பு வரை சலாபத்துக்குப் போனவை மர வள்ளங்கள். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போனவை மரத்தோணிகள். மரத்துக்கு மீன் எண்ணெயும் முந்திரிக்கொட்டை எண்ணெயும் பூசும் பழக்கம் நம் கடற்கரையில் உண்டு. ஆனால் கைப்பிடிக்கு இவை வேண்டாம். முன்னது நாறும், பின்னது தோலைப் பொத்துவிடும். தேங்காயெண்ணெயும் உதவாது, அது மரத்தில் காய்ந்து இறுகாது.

பெயிண்ட் கடையில் கிடைக்கும் காய்ச்சிய லின்சீட் ஆயில் போதும். பழைய வார்னிஷைச் சுரண்டி எடுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, நன்றாகக் காயவிடுங்கள். துணியால் மெல்லிசாகப் பூசி, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். காய்ந்தபின் இன்னும் இரண்டு தடவை பூசுங்கள். நுனிக்குக் கூடுதலாக ஊட்டுங்கள். தண்ணீரை அதிகம் குடிப்பது அதுதான். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, வெளியில் விரித்துக் காயப்போடுங்கள்.

எண்ணெய்க்கு அடிக்கடி கவனிப்பு வேண்டுமே என்பார்கள். ஆமாம், வேண்டும். அதுதான் அதன் நன்மை. எண்ணெய் போட உட்காருபவன் துடுப்பைக் கையில் எடுக்கிறான், விரிசலைப் பார்க்கிறான். வார்னிஷ் அடித்தவன் தூரத்திலிருந்து பளபளப்பை மட்டும் பார்க்கிறான்.

குமாஸ்தா வேலையில் இருந்தபோது ஓர் அலுவலகத்தில் ஆண்டுச் சரிபார்ப்பைக் கண்டிருக்கிறேன். மின்னிய துடுப்புகளுக்கு 'நல்ல நிலை' என்று எழுதினார்கள். எண்ணெய் ஊறி மங்கியவை 'பழுது' பட்டியலில் போயின. ஒன்றையாவது கையில் தூக்கிப் பார்த்தவர் இல்லை. பதிவேடு சுத்தம், பொருள் நாசம்.

இப்போதுதான் எல்லாம் ஃபைபர் படகும் இன்ஜினும் ஆகிவிட்டதே, துடுப்புக்கு ஏன் இத்தனை வாதம் என்று கேட்கலாம். நடுக்கடலில் இன்ஜின் நின்றுபோனால் கையில் மிஞ்சுவது அந்த ஒரு துடுப்புதான். அது உள்ளுக்குள் இற்றுப்போயிருந்தால், மேலே மின்னுவதால் யாரும் கரை சேரப்போவதில்லை.