வாரம் ஒரு முறை: சுப்பாராவின் மருந்தும் நம் பொறுப்பும்

லூமுட், சித்தியவான், ஆயர் தாவார் வட்டாரத்தில் மருந்து வழங்கும் நம்மில் பலர் ஃபோலிக் அமிலத்தையும் மெத்தோட்ரெக்சேட்டையும் ஒரே நோயாளிக்கு எடுத்துக் கொடுப்பவர்கள். இரண்டுமே சிறிய மஞ்சள் மாத்திரைகளாக வருவதுண்டு. முன்னது ரத்த அணுக்கள் உருவாகத் தேவையானது. பின்னது அதன் வேலையையே மறிப்பது. இரண்டின் பின்னாலும் இருப்பவர் ஒருவர்: சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895இல் பீமவரத்தில் பிறந்தவர். அவருடைய சகோதரர் இருவர் ஸ்ப்ரூ நோயால் அடுத்தடுத்து இறந்தனர். அவரும் அந்நோயில் விழுந்து மீண்டார். குடல் சத்தை உறிஞ்ச மறுத்து, ரத்தம் வற்றும் நோய் அது. 1920களில் பாஸ்டனுக்குப் போனவர், 1940இல் லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்தார். அதற்கு முன்பே லூசி வில்ஸ், பம்பாயின் கர்ப்பிணிகளிடம் கண்ட ரத்தச்சோகை ஈஸ்ட் சாற்றால் தெளிவதை 1931இல் எழுதியிருந்தார். அந்தச் சாற்றில் இருந்த சத்தின் வேதியியலைப் பிடித்து, 1945இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது சுப்பாராவின் குழு.

அடுத்த திருப்பம் ஒரு தோல்வியிலிருந்து வந்தது. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலச் சேர்மங்களைக் கொடுத்தார். நோய் வேகமெடுத்ததாக அவருக்குத் தோன்றியது. அப்படியானால் ஃபோலிக் அமிலத்தை மறிக்கும் பொருள் நோயை அடக்குமா என்று கேட்டார். லெடர்லி குழு அப்படியொரு பொருளான அமினோப்டெரினைத் தந்தது. 1948 ஜூனில் அவர் வெளியிட்ட கட்டுரையில் 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்திருந்தது. நிலைக்கவில்லை என்றாலும், தணியும் என்பதே அன்று புதிது. அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் மறைந்தார். அமினோப்டெரினின் தம்பியான மெத்தோட்ரெக்சேட்தான் இன்று நம் கையில் இருப்பது.

கையில் இருப்பதால்தான் இந்த உரை. மூட்டுவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் இது வாரத்தில் ஒரு நாள் மருந்து. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கான பராமரிப்புச் சிகிச்சையிலும் வாய்வழி மெத்தோட்ரெக்சேட் பெரும்பாலும் வாரம் ஒரு முறைதான். கூடவே தரும் மெர்காப்டோபியூரின் மட்டும் தினசரி. மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் விழுங்கினால் எலும்பு மஜ்ஜை ஒடுங்கும், வாய் புண்ணாகும், உயிரே போகலாம். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு ஆபத்து அதிகம். கோ-ட்ரைமாக்சசோல் சேர்ந்தால் இன்னும் அதிகம்.

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியோடு படிப்பு நின்ற முதியவர் ஒருவருக்கு மருந்து உறையில் மலாயில் எழுதிய வரி புரிந்திருக்கும் என்று நாம் எண்ணிவிடலாகாது. ஆகவே நம் வேண்டுகோள்கள் இவை. உறையின் மேல் கிழமையைத் தமிழிலும் எழுதுங்கள்: "திங்கட்கிழமை மட்டும்" என்பதுபோல. "வாரம் ஒரு முறை" என்று மட்டும் சொன்னால் எந்நாள் என்பது மறந்துபோகும். ஃபோலிக் அமிலத்துக்கு வேறு கிழமை குறித்து, அதையும் எழுதுங்கள். "எப்போது சாப்பிடுவீங்கம்மா?" என்று கேட்டு, அவர் வாயால் பதில் வரும்வரை உறையைக் கொடுக்காதீர்கள். மருந்து எடுத்துவைக்கும் மகனோ மருமகளோ யார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாய்ப்புண், காய்ச்சல், காரணமில்லாக் கன்றிப்போதல் கண்டால் அடுத்த சந்திப்புக்குக் காத்திருக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். தவறுதலாக அதிகம் விழுங்கியவருக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்தால் போதாது; அவருக்குத் தேவை ஃபோலினிக் அமிலம், உடனடியாக, மருத்துவமனையில்.

ஃபோலிக் அமிலத்திலும் எச்சரிக்கை உண்டு. சைவ உணவுக்காரரிடம் பெரிய அணு ரத்தச்சோகை கண்டால் முதலில் பி12ஐப் பாருங்கள். ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் ரத்தம் தேறும். நரம்பு தேறாமல் சேதம் தொடரும்.

ஆய்வகத்தில் ஒரு குழு ஆண்டுக்கணக்கில் பிரித்தறிந்த இரு பொருள்களை, உறைமேல் எழுதும் ஒரு வரியில் நாம் குழப்பிவிட முடியும். அந்த ஒரு வரியை எழுத ஒரு நிமிடம் கூடுதலாகும். வரிசை எவ்வளவு நீண்டிருந்தாலும் அந்த நிமிடத்தைச் செலவிடும் வழக்கத்தை ஒவ்வொரு மருந்தகமும் இந்த மாதமே தொடங்கட்டும்.