உரஞ்சிறதுக்கு முதல் ஒருக்காப் பாருங்கோ

யாழ்ப்பாணத்துக் கலியாண வீட்டு வாசல்களில் ஒரு பழைய கார் நிற்பது இப்போது கிட்டத்தட்டச் சம்பிரதாயமாகிவிட்டது. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், ஏதோ ஒன்று. பம்பரில் முகம் பார்க்கலாம். உடம்பு நெருப்புச் சிவப்பாக இருக்கும், இல்லாவிட்டால் மினுக்கத் துகள் கலந்த வெள்ளை. அடுத்த நாள் படங்கள் முகநூலில் ஏறும்போது "ஒரிஜினல் கண்டிஷன்" எண்டு ஒரு வரி கட்டாயம் இருக்கும். என்ஜின் ஒரிஜினலாக இருக்கலாம். ஸ்ரியறிங்கும் இருக்கலாம். அந்த நிறம் மட்டும் அந்தக் காரோடை கப்பலில் வந்ததில்லை.

"உதிலை என்ன பிழை, பார்க்க வடிவாய்த்தானே கிடக்கு?" எண்டு கேட்பவர்களோடு கொஞ்சம் சண்டை பிடிக்கத்தான் இதை எழுதுகிறோம். சிவப்பு அடிப்பது குற்றம் இல்லை. கார் உங்கடை, காசும் உங்கடை. ஆனால் "பழைய நிலைக்குக் கொண்டுவந்தம்" எண்டு சொல்வதென்றால், பழைய நிறம் என்ன எண்டு தேடியாவது பார்த்திருக்கவேணும். நாங்கள் பார்த்த அளவில் பெரும்பாலும் நடப்பது வேறு. கார் கராஜுக்கு வந்த முதல் கிழமையே கிரைண்டரைப் போட்டு, வெறும் தகரம் தெரியுமட்டும் உரஞ்சி முடித்துவிடுகிறார்கள். அதுக்குப் பிறகுதான் "என்ன கலர் அடிப்பம்?" எண்ட கேள்வி வருகிறது. பதில் அதுக்குள்ளை தூசியாய்க் கொட்டி, கூட்டி அள்ளி, வெளியே எறிஞ்சாச்சு.

இந்தக் கார்கள் எங்களிடம் இவ்வளவு மிஞ்சிக் கிடப்பதே ஒரு வரலாறு. 1960களில் இருந்து 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு. புதுக் கார் வாங்க வழியில்லை, இருப்பதைத்தான் ஓட்டவேணும். பிறகு யுத்தம். பொருளாதாரத் தடைக் காலத்தில் சொட்டுப் பெற்றோலில் ஸ்ரார்ட் எடுத்து மண்ணெண்ணெயில் ஓட்டின கதைகளை அப்பா, மாமா ஆக்களிட்டைக் கேட்டால் விடியவிடியச் சொல்லுவினம். இப்படி அறுபது எழுபது வருடம் ஓடின கார் ஒரே நிறத்தில் இருந்திருக்காது. துருப்பிடிச்ச இடத்துக்குப் புட்டி வைச்சு, அந்த நேரம் கையில் கிடைச்ச பெயின்ற்றை அடிச்சு, திரும்பத் திரும்ப மூடப்பட்ட உடம்பு அது. எல்லாவற்றுக்கும் அடியில், முதல் பிறைமருக்கு மேலே, தொழிற்சாலை அடிச்ச நிறம் இன்னும் இருக்கலாம்.

அந்த நிறங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேணும், ஏனென்றால் பலருக்கு அவை தெரியாமலே போய்விட்டன. மொறிஸ் மைனர் 1948 இல் லண்டன் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ், பிறகு மினியையும் வடிவமைத்த அதே ஆள். உற்பத்தி நிற்கும்வரை 16 இலட்சத்துக்கு மேல் செய்தார்கள். பத்து இலட்சமாவது மைனர் 1960 டிசெம்பரில் வெளிவந்தபோது, அதைக் கொண்டாட 350 அளவிலான கார்களுக்கு லைலக் எனப்படும் மெல்லிய ஊதா அடித்தார்கள். ஊதா நிற மொறிஸ் மைனர் எண்டால் இங்கே யாராவது நம்புவார்களா? ஆனால் வழக்கமான நிறங்கள் அடக்கமானவை. ஓல்ட் இங்கிலிஷ் வைற் எண்டு பெயர், பார்த்தால் கிறீம். அல்மொண்ட் கிறீன், பழுக்கப் போகிற இலை மாதிரி மங்கின பச்சை. டவ் கிறே, புறாச் சாம்பல். சிவப்புக் குடும்பத்தில் அந்தக் காலம் கூடுதலாகக் கண்டது மரூன் தான், கலியாண வீட்டு நெருப்புச் சிவப்பு இல்லை.

எங்களுக்குப் பிடித்த உதாரணம் ஸ்மோக் கிறே. புகைச் சாம்பல் எண்டு மொழிபெயர்க்கலாம். அந்தப் பெயரை மட்டும் நம்பிக் கடைக்குப் போய்ச் சாம்பல் வாங்கினால் கதை முடிஞ்சுது. ஏனென்றால் அது உண்மையில் வெளிறின நீலம். பிரித்தானியக் கம்பனி தன் நிறக் குறியீட்டிலேயே அதைச் சாம்பலுக்குள் சேர்க்கவில்லை. அதன் குறியீடு பி.யு. 15, பி.யு. எண்டால் புளூ. பெயர் ஒன்று சொல்ல, குறியீடு இன்னொன்று சொல்ல, அறுபது வருட வெயில் மூன்றாவதாய் ஒன்றைச் செய்து வைச்சிருக்கும். ஆகவே பெயரையோ இணையப் படத்தையோ வைத்து நிறம் பிடிக்கேலாது. போன் திரையில் தெரியும் நிறம் அந்தத் திரையின் நிறம், காரின் நிறம் இல்லை.

அப்ப எங்கே பார்ப்பது? காரிலேதான். வெயிலும் பொலிஷும் எட்டாத இடங்கள்: கதவின் உள்மட்டைக்குப் பின்பக்கம், டிக்கி விரிப்புக்கு அடி, விளக்கு வளையங்களுக்குக் கீழே, கண்ணாடி ரப்பர் மூடியிருக்கும் விளிம்பு, டாஷ்போட்டின் பின்புறம். அந்த இடத்தை ஊத்தை போகத் துடைத்து, மெதுவாகப் பொலிஷ் போட்டு, பகல் வெளிச்சத்தில் பார்க்கவேணும். சில பழைய பெயின்ற் இருட்டுக்குள் கிடந்தால் கொஞ்சம் மஞ்சளாகும், அதனால் ஒரு இடத்தை மட்டும் நம்பாமல் இரண்டு மூன்றை ஒப்பிடுவது நல்லது.

வெளி உடம்பிலும் ஒரு வழி இருக்கிறது. ஒரு ரூபாய்க் குற்றி அளவு இடத்தை நனைச்சு, மென்மையான வோட்டர் பேப்பரால் சரிவாக உரஞ்சிக்கொண்டு போனால், அடுக்குகள் வளையம் வளையமாய்த் தெரியும், வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினது போல. நடுவில் தகரம், அதைச் சுற்றிப் பிறைமர், பிறகு தொழிற்சாலை நிறம், அதுக்கு வெளியே பிந்தி வந்த சொந்தக்காரர் ஒவ்வொருவரின் ஆசையும். பிறைமரையே நிறமென்று எடுத்துவிடக் கூடாது, அவ்வளவுதான் கவனிக்க வேண்டியது. அரை மணித்தியால வேலை. பிறகு ஒரு படம்.

கடதாசிகளும் உதவும். 1950களில் சில வருடங்கள் மைனரின் சேசிஸ் இலக்கத்துக்கு முன்னால் வந்த குறியீட்டில் மூன்றாவது எழுத்து நிறக் குடும்பத்தைச் சொல்லும். ஏ கறுப்பு, ஈ பச்சை, இப்படி. எந்தப் பச்சை எண்டு சொல்லாது, ஆனால் சிவப்பு இல்லை எண்டாவது தெரியும். எங்கள் வாகனப் பதிவுப் புத்தகத்திலும் நிறம் எழுதப்பட்டிருக்கும். பழைய புத்தகத்தைப் பெட்டியில் வைத்திருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். இங்கிலாந்தின் கேய்டனில் இருக்கிற பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம், பதிவேடுகள் மிஞ்சிய மொடல்களுக்குக் காசு கட்டினால் காரின் பிறப்புச் சான்றிதழ் மாதிரி ஒன்று தரும், பெரும்பாலும் நிறமும் அதில் இருக்கும்.

மாதிரி கிடைத்த பிறகுதான் உண்மையான கலை தொடங்குகிறது. இப்போது கடைகளில் நிறத்தை அளக்கும் கருவி இருக்கிறது, மாதிரியில் வைத்தால் கணினி ஒரு கலவைக் கணக்கைத் தரும். அது தருவது கிட்டத்தட்டச் சரியான விடை. அந்தக் "கிட்டத்தட்ட"வைச் சரியாக்குவது மனிதக் கண். கறுப்பு ஒரு துளி, மஞ்சள் அரைத் துளி. இரண்டு நிறங்கள் கடைக்குள் ரியூப் லைற்றில் ஒன்றுபோல இருந்து, வெளியே வெயிலில் பிரிந்து நிற்கும். அதனால் சின்னத் தகரத் துண்டில் அடிச்சு, காய விட்டு, வெயிலிலும் நிழலிலும் பார்க்காமல் காரைத் தொடக் கூடாது. அடியில் இருக்கும் பிறைமரின் நிறம்கூட மேலே தெரியும், சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இன்னும் கூட. எங்கடை ஊர்களில் கண்ணாலேயே நிறம் கலக்கிற பழைய பெயின்ற் வேலைக்காரர் இன்னும் சிலர் இருக்கினம். அவர்களிட்டைப் பேரம் பேசுவதைவிட்டு, பக்கத்தில் நின்று பழகச் சொல்லி எங்கள் வயசுப் பெடியளை அனுப்பலாம்.

இன்னொன்று, மினுக்கம். மைனரின் வழக்கமான நிறங்கள் எல்லாம் திட நிறங்கள், மெற்றாலிக் துகள் இல்லை. இப்போது நிறத்துக்கு மேல் தடிப்பாக ஒரு கிளியர் கோட் அடிக்கிறார்கள். சரியான நிறத்தைப் பிடிச்சும் கார் போத்தலுக்குள் போட்ட மாதிரி நிற்பதுக்குக் காரணம் அதுதான். பழைய செலுலோஸ் பெயின்ற் எங்கள் வெயிலுக்குக் கெதியாக மங்கும், அதனால் ஹார்ட்னர் கலக்கிற ரூ-கே பெயின்ற்றை விரும்புவதில் பிழை இல்லை. ஆனால் கிளியர் கோட் தேவைப்படாத திட நிறமாகவே அதை வாங்கலாம். எங்கள் வாக்கு அதுக்குத்தான்.

இதுக்கு வருகிற மறுப்புகளில் ஒன்று பாரமானது. "ஒரிஜினல் எண்டால் என்ன? வெள்ளைக்காரன் அடிச்ச நிறம் மட்டும்தான் வரலாறோ? பிறகு எங்கடை ஆக்கள் அடிச்சதெல்லாம் ஊத்தையோ?" நியாயமான கேள்வி. இதே நாட்டில் 1957 தொடக்கத்தில் வாகன இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தபோது, தமிழரசுக் கட்சி அதை எதிர்த்தது. தமிழ் ஸ்ரீ எழுதின தகட்டோடு வாகனங்கள் ஓடின. 1958 இல் வடக்கே சிங்கள எழுத்தின் மேலும், தெற்கே தமிழ் எழுத்தின் மேலும் தார் பூசப்பட்டது. ஒரு காரின் மேலே பூசப்படுவது வெறும் பெயின்ற் இல்லை எண்டதை எங்களுக்கு யாரும் வந்து படிப்பிக்கத் தேவையில்லை. அந்தக் காலத் தகடு ஒன்று, பழைய எழுத்தின் தடத்தோடு, யாருடைய கராஜிலாவது கிடந்தால், அதைப் புதுசாய் அடிச்சு மினுக்குகிறவரை நாங்கள் மன்னிக்க மாட்டோம்.

ஆகவே எங்கள் நிலைப்பாடு இப்படி. உடம்புக்கு, தடயம் கிடைத்தால், தொழிற்சாலை நிறம். ஆனால் வளையம் தெரிய உரஞ்சின அந்தக் குற்றி அளவு இடத்தை, அல்லது டிக்கிக்குள் ஒரு உள்ளங்கை அகலத்தை, அப்படியே விட்டுவிடவேணும். நடுவில் வந்த நிறங்கள் எல்லாம் அங்கே இருக்கட்டும். தாத்தா காலத்தில் நீலமாய் இருந்தது, அந்த நீலம்தான் எங்கடை குடும்பத்துக்குத் தெரிந்த கார் எண்டால், அந்த நீலத்தையே அடியுங்கோ, அதுவும் சரிதான். அது தேடி எடுத்த முடிவு. அடுத்த மாச வாடகைக்காக அடிச்ச சிவப்பு அப்படி இல்லை. வாடகைக்கு விடுகிறவர்கள் "சனம் சிவப்புத்தான் கேக்குது" எண்டு சொல்லுவினம். கிறீம் நிற மைனரில் மல்லிகைச் சரம் எப்படி நிற்கும் எண்டு ஒருக்காக் காட்டிப் பார்த்தார்களா தெரியாது.

கடைசியாய், காரை விடப் பெரிய விசயம் ஒன்று. ரூ-கே பெயின்ற்றின் ஹார்ட்னரில் ஐசோசயனேற் இருக்கிறது. ஸ்பிறே பண்ணும்போது அதைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம், ஒருமுறை உடம்பு அதுக்கு எதிராகத் திரும்பிவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலும் மூச்சு முட்டும். மணத்தை வைத்து அது காற்றில் இருக்கா எண்டு கண்டுபிடிக்கவும் ஏலாது. பழைய அடுக்குகளில் ஈயம் இருக்கலாம், அதனால்தான் நனைச்சு உரஞ்சச் சொல்கிறோம். மூக்கில் லேஞ்சி கட்டிக்கொண்டு, சேட்டும் இல்லாமல், கதவு மூடின கொட்டிலுக்குள் ஸ்பிறே அடிக்கிற பெடியன்களை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். லேஞ்சி இதுக்கு உதவாது. வெளியில் இருந்து சுத்தமான காற்றுக் குழாயில் வரும் முகக்கவசம்தான் வேணும். சீற்றுக்கு லெதர், சில்லுக்கு குறோம் எண்டு பட்டியல் போடுகிற சொந்தக்காரர், அந்த முகக்கவசம் இருக்கிற கராஜிலைதான் என்ரை காருக்குப் பெயின்ற் எண்டு ஒரு வரி சேர்த்தால், கராஜ்காரர் வாங்கித்தான் வைப்பார்.