பன்னிரண்டாண்டுப் பூவும் அன்றாடக் கொல்லையும்

குறிஞ்சி என்றவுடன் நம் இலக்கிய நண்பர்களுக்குப் பூ ஒன்றே நினைவுக்கு வருகிறது. 2006இல் கொடைக்கானல் சரிவுகள் நீலமானபோது மலையேறினார்கள். 2018இல் மறுபடியும் ஏறினார்கள். 2030இலும் ஏறுவார்கள். இதில் நமக்கு வருத்தம் ஏதுமில்லை. ஆனால் அந்த ஒரு பூவை மலை முழுமைக்கும் ஈடாக நிறுத்திவிட்டு, அங்கே குடியிருப்பவர்கள் வீட்டுக்குப் பின்னால் எதை விளைவித்து உண்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கவும் மறுக்கும் மனப்போக்கு ஒன்று இருக்கிறதே, அதனோடுதான் நமக்கு வழக்கு.

கொல்லை என்பது இலக்கியத்துக்குப் புறம்பானது, ஓய்வுபெற்றவர்களின் பொழுதுபோக்கு என்னும் எண்ணம் படித்தவர்களிடையே வேரூன்றிக் கிடக்கிறது. திணைக் கோட்பாட்டை ஊன்றிப் படித்தவர் எவரும் இதை ஏற்க முடியாது என்பது நமது துணிபு.

தொல்காப்பியர் கருப்பொருள்களை அடுக்கும் நூற்பாவைப் பாருங்கள். முதலில் தெய்வம், அதற்கு அடுத்த இடம் உணவுக்கு. விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் எல்லாம் அதற்குப் பின்னர்தான். பூ அந்த வரிசையில் பெயர் சொல்லப்படவே இல்லை; அவை போன்ற பிற என்னும் தொகுப்புக்குள் அதை நாம்தான் தேடிக் கொள்ள வேண்டியிருக்கிறது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்கள் வருவதை ஒப்பிக்காத தமிழ் மாணவர் இல்லை. ஆனால் தலைவி அந்த மலைக்கு எதற்காகப் போனாள்? தாய் ஏவியபடி தினைப்புனம் காக்கப் போனாள். கிளி கடிந்து, அருவியாடிக் களைத்த இடைவேளையில் பறித்தவையே அந்தப் பூக்கள். குறிஞ்சியின் காதல் கண்காட்சித் திடலில் பிறக்கவில்லை. சோறு விளையும் நிலத்தின் ஓரத்தில் பிறந்தது. பூக்களை எண்ணிவிட்டுப் புனத்தை மறந்த படிப்பு பாதிப் படிப்பே.

அந்தப் புனத்தின் வழித்தோன்றல் இன்றும் இருக்கிறது. தாண்டிக்குடியிலும் பண்ணைக்காட்டிலும் வீட்டை ஒட்டிய பந்தலில் சௌசௌ காய்த்துத் தொங்குகிறது. அதன் விதையைத் தனியே எடுத்து ஊன்றுவதில்லை. முளைவிட்ட காயையே முழுதாக மண்ணில் வைக்கிறார்கள், ஏனெனில் விதை காய்க்குள் இருந்தபடியே முளைப்பது. மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி பக்கம் பூண்டை வீட்டுக்குள் புகை படும்படி சேமித்து அடுத்த பருவத்து விதைப்பூண்டைக் காக்கிறார்கள். பேரியும் பிளம்ஸும் பட்டர் ஃப்ரூட்டும் வேலியோரம் நிற்கின்றன. புதினாவும் மல்லித்தழையும் அடுப்படிக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. காவலும் ஒழிந்துவிடவில்லை. அன்று கிளி, இன்று காட்டுப்பன்றியும், நகரத் தெருவரை வந்துவிடும் காட்டெருமையும். இவை யாவும் ஏட்டில் ஏறாத அறிவு. இதைப் பதிவுசெய்ய வேண்டியவர் தோட்டக்கலைத் துறையினர் மட்டும்தானா?

இங்கே ஒரு மறுப்பு வரும். சௌசௌ மெக்சிகோப் பக்கத்துக் கொடி. உருளைக்கிழங்கு தென்னமெரிக்க ஆண்டிஸ் மலைப் பயிர். பேரியும் பிளம்ஸும் வெள்ளையரோடு மலையேறியவை. இவற்றுக்கும் குறிஞ்சித் திணைக்கும் என்ன உறவு என்பார்கள். இதற்கு விடை கருப்பொருள் நூற்பாவுக்கு அடுத்த நூற்பாவிலேயே இருக்கிறது. பூவும் புள்ளும் தமக்குரிய நிலத்தோடும் பொழுதோடும் வாராவிட்டாலும், வந்து சேர்ந்த நிலத்துக்கே உரியவையாகக் கொள்ளப்படும் என்கிறார் தொல்காப்பியர். செய்யுளுக்கு அவர் வகுத்த இந்தத் தாராளத்தைக் கொல்லைக்கும் விரிப்பதில் பிழை என்ன?

அப்படியானால் வந்தவை எல்லாம் நம்மவையா? இல்லை. தோல் பதனிடும் பட்டைக்காகக் கொண்டுவந்து நட்ட வாட்டில் மரம் நட்ட இடத்தோடு நிற்கவில்லை. சோலைகளுக்கு இடையே இருந்த புல்வெளிகளைத் தின்றது. குறிஞ்சிச் செடியின் இருப்பிடமும் அந்தப் புல்வெளிதான். கொல்லையின் சௌசௌவோ பந்தலும் உரமும் கைப்பாடும் கேட்டு நிற்பது. மனிதர் கைக்குள் நிற்பது எது, கையை மீறிக் காட்டை விழுங்குவது எது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. பிறந்த ஊரைக் கேட்பது வீண்.

இன்னொரு மறுப்பு: காய்கறிக்கு மலையடிவாரத்தில் ஒட்டன்சத்திரம் சந்தை இருக்கிறது, பெயரைக் காக்கப் புவிசார் குறியீடு இருக்கிறது, கொல்லை எதற்கு? விருப்பாட்சி மலைவாழைக்கு 2008-09இல் குறியீடு கிடைத்தது, கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் கிடைத்தது, மகிழ்ச்சியே. ஆனால் குறியீடு பெயரைத்தான் காக்கும், பயிரைக் காக்காது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு மரபாக உரிய அந்த வாழையை முடிக்கொத்து நோய் கீழ்மலைத் தோட்டங்களில் வாரிக்கொண்டு போனபோது, சுவைக்குப் பெயர் இருந்தது, வாழைதான் இல்லை.

இதில் கொல்லையைக் குற்றமற்றதாகக் காட்டவும் நாம் விரும்பவில்லை. அந்த நோயின் நச்சுயிரியை அசுவினி பரப்பியது. நோயுற்ற தாய்மரத்திலிருந்து பெயர்த்து நட்ட கன்றும் பரப்பியது. பழுதற்ற கன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திசு வளர்ப்புக் கூடத்திலிருந்துதான் வர வேண்டியிருந்தது. ஆனால் ஆய்வுக்கூடம் கன்றைத் தரலாம். அதை நட்டு, நோய் கண்ட மரத்தைத் தயங்காமல் வெட்டி அழித்து, ஆண்டுகள் பல காத்திருப்பவர் மலையில் குடியிருப்பவரே. அவர் தம் கொல்லையை விடுதி அறையாக மாற்றிவிட்டால் கன்றை எங்கே நடுவது?

மாற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்பதே நமது கவலை. கொடைக்கானலில் வீட்டைச் சுற்றிய நிலம் விருந்தினர் கண்ணுக்கான புல்தரையாகவும் ஹைட்ரேஞ்சியாப் புதராகவும் மாறுகிறது. அடுத்து அதுவும் போய்க் கட்டடம் எழுகிறது. மலை என்றால் பார்ப்பதற்கு என்று சொல்லிக் கொடுத்ததில் நமது குறிஞ்சிக் கவிதைகளுக்கும் பங்குண்டு என்றால் கோபிப்பவர்கள் கோபிக்கட்டும்.

2030இல் மலையேறவிருக்கும் நண்பர்களுக்கு நமது வேண்டுகோள் ஒன்றுதான். பூவைப் பாருங்கள். பிறகு பூம்பாறையிலோ தாண்டிக்குடியிலோ ஒரு வீட்டின் பின்பக்கம் போய், இந்த விதை உங்களுக்கு யார் கொடுத்தது என்று கேளுங்கள். கிடைக்கும் விடையை எழுதுங்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பதற்குக் கவிஞர்கள் நிறைய இருக்கிறார்கள். அன்றாடம் காய்ப்பதற்குத்தான் ஆளில்லை.