தரிசாய்க் கிடக்கும் ஆகாய அலைகள்

2016-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் இந்திய ஸர்க்கார் 700 மெகாஹெர்ட்ஸ் ஸ்பெக்ட்ரத்தை முதன்முதலாக ஏலத்திற்குக் கொண்டுவந்தபோது, அதற்கு அவர்கள் விதித்த அடிப்படை விலை மெகாஹெர்ட்ஸ் ஒன்றுக்கு 11,485 கோடி ரூபாய். கேட்பாரில்லை. 2021 மார்ச்சில் 6,568 கோடியாகக் குறைத்து மறுபடி ஏலம் கூறினார்கள். அப்பொழுதும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. 2022-ல் 3,927 கோடிக்கு இறங்கி வந்த பிறகே ஒரு கம்பெனி முன்வந்து, தேசத்தின் 22 வட்டாரங்களிலும் 10 மெகாஹெர்ட்ஸ் வீதம் 39,270 கோடி ரூபாய்க்கு எடுத்துக்கொண்டது. முதலில் கேட்ட விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு! இந்த ஆறு வருஷங்களில் கஜானாவுக்கு அந்த அலைகளால் வந்த லாபம் என்ன? ஜனங்களுக்கு உண்டான நன்மை என்ன? இரண்டும் பூஜ்யம்.

அலைகளில் எல்லாம் ஒரே ஜாதியல்ல. அதிர்வு குறைந்த அலை வெகுதூரம் செல்லும். சுவரையும் தோப்பையும் ஊடுருவும். அதிர்வு மிகுந்த அலை அதிகச் செய்தியைச் சுமக்கும். ஆனால் சிறிது தூரத்திலேயே களைத்துவிடும். ஜன நெருக்கமுள்ள பட்டணத்தில் பின்னது போதும். வீடுகள் சிதறிக் கிடக்கும் மலைச்சாரலிலும் வானம் பார்த்த கிராமத்திலும் முன்னதே வேண்டும். அதைக் கொண்டு குறைந்த கோபுரங்களால் விசாலமான பிரதேசத்திற்கு இன்டர்நெட் வசதி அளிக்கலாம். கோபுரச் செலவு குறைந்தால்தான் ஏழையின் கட்டணமும் குறையும். ஆக, கிராமத்திற்கென்றே இயற்கை வகுத்தது போன்ற அலை 700 மெகாஹெர்ட்ஸ். அதன் குணம் சிறந்தது என்ற காரணத்தாலேயே, 1800 மெகாஹெர்ட்ஸின் விலையைப் போல் நான்கு மடங்கு வைக்க வேண்டுமென்று டிராய் என்னும் ஒழுங்கு முறை ஆணையம் சிபாரிசு செய்தது! பசு நன்றாய்க் கறக்கும் என்பதற்காகச் சந்தையில் ஒருவரும் வாங்க முடியாத விலையைக் கூறி, அதைக் கட்டுத்தறியிலேயே கட்டி வைத்த கதையாயிற்று.

நிலத்தைத் தரிசு போட்டால் மறு போகத்திலாவது உழுது கொள்ளலாம். பொன்னைப் பெட்டியில் பூட்டினால் பொன் பொன்னாகவே இருக்கும். அலையோ அப்படியன்று. இன்று உபயோகிக்காத அலையை நாளைக்கென்று சேமித்து வைக்க எந்தக் களஞ்சியமும் கிடையாது. 2020-ல் கொரோனாவினால் பள்ளிக்கூடங்களை மூடிப் பாடங்களையெல்லாம் டெலிபோனில் நடத்தியபோது, சிக்னல் தேடி மேட்டிலும் மரத்திலும் ஏறி நின்ற கிராமத்துப் பிள்ளைகளை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அன்று 700 மெகாஹெர்ட்ஸ் அலைகள் விலை போகாமல் ஸர்க்கார் வசமே சும்மா கிடந்தன. அந்தப் பிள்ளைகள் இழந்த படிப்பை 2022-ல் வந்த பணம் கொண்டு திருப்பிக் கொடுக்க முடியுமா?

உத்தியோகஸ்தர்கள் ஏன் இப்படி விலையைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்பதற்கும் காரணம் உண்டு. 2008-ல் முந்தி வந்தவருக்கு முதல் உரிமை என்று 2ஜி லைசென்ஸுகளை 2001-ம் வருஷத்து விலைக்கே வழங்கினார்கள். 2010-ல் தணிக்கை அதிகாரி 1,76,000 கோடி ரூபாய் வரையில் உத்தேச நஷ்டம் என்று அறிக்கை கொடுத்தார். 2012 பிப்ரவரி 2-ந் தேதி சுப்ரீம் கோர்ட் 122 லைசென்ஸுகளை ரத்துச் செய்தது. கிரிமினல் வழக்கில் 2017 டிசம்பரில் விசாரணைக் கோர்ட் எல்லோரையும் விடுதலை செய்ததாயினும், ஸர்க்கார் காரியாலயங்களில் குடிகொண்ட பயம் விடுதலையாகவில்லை. யாரும் வாங்காத விலையைக் கூறிய உத்தியோகஸ்தரை எந்தத் தணிக்கையும் கேள்வி கேட்பதில்லை. குறைத்து விற்றவரே கூண்டிலேற நேரிடும். விற்காமல் கெட்ட நஷ்டத்திற்குக் கணக்கெழுத நமது தேசத்தில் நோட்டுப் புஸ்தகமே இல்லை.

ஏலம் கூடாதென்பது நமது கக்ஷியன்று. வேண்டியவருக்கு வாரிக் கொடுப்பதைவிடப் பகிரங்க ஏலம் ஆயிரம் மடங்கு மேலானது. ஆனால் ஏலம் ஸாதனமேயொழிய லக்ஷியமல்ல. ஆகாய அலைகள் பொது ஜனங்களின் சொத்து என்று 1995-லேயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. 2012 செப்டம்பரில் ராஷ்டிரபதியின் கேள்விக்கு அளித்த பதிலில், இயற்கைச் செல்வங்களை ஏலத்தினால் மட்டுமே வழங்க வேண்டுமென்று அரசியல் சாஸனம் கட்டளையிடவில்லை என்றும் அதே கோர்ட் தெளிவுபடுத்திற்று. கஜானாவை நிரப்புவதே பொது நன்மை என்ற வாதத்திற்குச் சட்டத்தில் ஆதாரம் இல்லை.

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்வது நியாயம். 2016 செப்டம்பரில் புதிய கம்பெனியொன்று போட்டியில் இறங்கிய பின் நமது தேசத்தில் டேட்டாவின் விலை மளமளவென்று சரிந்தது. உலகத்திலேயே மலிவான தேசங்களில் ஒன்றாக இந்தியா ஆயிற்று. ஆனால் அந்தப் போட்டியில் கம்பெனிகள் பல மறைந்து, விரல் விட்டு எண்ணக்கூடியவையே மிஞ்சின. மிஞ்சிய தனியார் கம்பெனிகள் 2024 ஜூலையில் ஏறக்குறைய ஒரே மூச்சில் கட்டணத்தை உயர்த்தின. தினக்கூலிக்காரன் எங்கே போவான்?

ஸர்க்காரின் சொந்த ஸ்தாபனமாகிய பி.எஸ்.என்.எல். கதையோ பரிதாபகரமானது. தனியார் கம்பெனி 2012-லேயே 4ஜி சேவையைத் தொடங்கியிருக்க, இதற்கு 4ஜி அலைகளை அளிக்க மந்திரி சபை இணங்கியது 2019 அக்டோபரில். எனினும் 2025 செப்டம்பரில் சுதேசி யந்திரங்களைக் கொண்டே அது 4ஜி சேவையை நாட்டுக்கு அர்ப்பணித்ததைக் கண்டு நாம் பெருமைப்படுகிறோம். 1895-ல் கல்கத்தா டவுன்ஹாலில் கம்பியில்லா அலையை அனுப்பி மணியடித்துக் காட்டிய ஜகதீச சந்திர வஸுவின் நாடல்லவா இது?

வாங்கியவர்கள் கையிலும் அலை உறங்குகிறது. 2022-ல் ஒரு பெரிய வியாபார ஸ்தாபனம் 212 கோடி ரூபாய்க்கு 26 கிகாஹெர்ட்ஸ் அலைகளை, தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு வட்டாரங்களில் எடுத்தது. பொது ஜனங்களுக்கு ஒரு நாளும் சேவை நடத்தாமல் 2025-ல் வேறொரு கம்பெனிக்கு மாற்றிக் கொடுக்க ஒப்பந்தம் செய்துகொண்டது. 1885-ம் வருஷத்துத் தந்திச் சட்டத்திற்கும், லைசென்ஸின்றி வயர்லெஸ் கருவி வைத்திருப்பதே குற்றமென்ற 1933-ம் வருஷத்து அன்னியர் சட்டத்திற்கும் பதிலாக வந்த 2023-ம் வருஷத்துச் சட்டம், காரணமின்றி உபயோகிக்காத அலையைத் திரும்பப் பெறவும், பங்கிட்டுக் கொள்ளவும், குத்தகைக்கு விடவும் வழி செய்திருக்கிறது. அதிகாரம் புஸ்தகத்தில் இருந்தால் போதுமா?

ஸர்க்கார் செய்ய வேண்டியது இது. விலையைக் குறைத்து, குறைத்த அளவுக்குக் கிராமக் கடமையைக் கூட்டட்டும். கடமை தவறினால் சலுகையை வட்டியுடன் வசூலிக்கட்டும். பெரிய கம்பெனி இரண்டு வருஷம் தொடாத தாலுகாவில், அந்த அலையை உள்ளூர்க் கூட்டுறவு ஸங்கமோ சிறு முதலாளியோ நியாயமான குத்தகைக்கு எடுக்க உரிமை அளிக்கட்டும். கம்பெனிகளின் வருமானத்தில் 5 சதவீதம் கிராம சேவைக்கென்று பிடிக்கப்படுகிறதே, டிஜிட்டல் பாரத் நிதி என்று இப்போது பெயர் மாறியிருக்கும் அந்த நிதியை முழுமையும் அக்காரியத்திற்கே செலவிடட்டும். 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோக 26,316 கோடி ரூபாயை 2022 ஜூலையில் மந்திரி சபை மஞ்சூர் செய்தது. அவற்றில் இன்று நன்றாய் நடப்பவை எவை, கோபுரம் மட்டும் நிற்பவை எவை என்று கிராமவாரியாகக் கணக்குக் காட்டட்டும்.

இவற்றிற்கெல்லாம் முன்னதாக, எந்தத் தாலுகாவில் எந்த அலை யார் கையில் உபயோகமின்றிக் கிடக்கிறது என்ற ஜாபிதாவை வெளியிட வேண்டும். சொத்து ஜனங்களுடையது; அதன் ஜாபிதாவைப் பார்க்க அவர்களுக்கு உரிமை உண்டு. தந்தித் துறை மந்திரி இதற்கு எத்தனை நாள் அவகாசம் கேட்கிறார்?